தரையில் விடாத எட்டுக் குழிகள்

எண்ணூர் சாலையில் எண்ணெய்க் கிடங்குகள் இரண்டுக்குச் சுற்றுச்சுவர். துறைமுகத்துக்குப் பின்பக்கம் நான்கு குடோன்கள்; நான்கும் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை. திருவொற்றியூரில் வார்ப்படப் பட்டறைக்கு எண்பதடிப் புகைபோக்கி. அதற்குச் சாரம் கட்டியபோது விழுந்துவிடும் என்று பக்கத்துத் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு போனது, நான் உச்சியில் நின்று பீடி பற்றவைத்தேன். மீஞ்சூரில் நெல் ஆலைக்குக் களம். மூன்றடி தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும் குப்பத்து மணலில் எங்கள் அம்மன் கோயிலுக்கு அஸ்திவாரம். படித்த என்ஜினீயர் ஒருவர் கைவிரித்துவிட்டுப் போன இடம் அது. ராயபுரத்தில் மாடி வீடுகள் பதினொன்று, பன்னிரண்டாவது என்னுடையது.

இத்தனையும் கட்டியவன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அப்பாவின் கட்டுமரம் அலையில் உடைந்த வருஷம் கலவைச் சட்டி என் தலையில் ஏறியது. மீன்காரன் பிள்ளைக்கு மண்ணும் கல்லும் என்ன தெரியும் என்று சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் நான் கட்டிய வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

ஆனால் என் ஆயுசில் நான் செய்த பெரிய வேலை இந்தப் பட்டியலில் இல்லை. அது நான் கட்டியது அல்ல, கட்டாமல் விட்டது. ஒரு தரையில் எட்டுக் குழிகள் விட வேண்டும், நான் விடவில்லை. அதைப் பற்றி ஊரில் ஒரு பொய் உலவுகிறது. அந்தப் பொய்யை முதலில் சொன்னவனும் நான்தான். இப்போது அச்சிலும் வந்துவிட்டதால், எழுத்துப்பிழை திருத்தப் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்பதுகூடச் சரியில்லை. நாலு வரி எழுதினால் எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன்.

ரேஷன் கடை வாசலில் அரிசிக்கு வரிசை நின்ற காலம் அது. கத்தோலிக்கக் கோயில்களில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் மாதாவுக்குச் சின்னக் கோயில் ஒன்று இருந்தது. ஒரு புயலில் அதன் ஓட்டுக்கூரை பாதி இறங்கிவிட்டது. புதிதாகக் கட்ட முடிவு செய்து, சுற்றுவட்டாரத்தில் சுவர் விரியாமல் கட்டுகிறவன் யார் என்று விசாரித்து, என்னிடம் வந்தார்கள். நான் அவர்கள் மதம் இல்லை. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குப்பத்துக்காரன். செங்கல்லுக்கு மதம் இல்லை என்று சொல்லி வேலையைக் கொடுத்தவர் அந்தக் கோயிலில் பூசை வைக்கிற சாமியார். தெற்கத்திக்காரர், அதிகம் பேச மாட்டார்.

அந்தக் கோயிலில் வேறெங்கும் நான் பார்த்திராத வழக்கம் ஒன்று இருந்தது. உள்ளே நுழைந்து பத்தடி நடந்தால் குறுக்கே இடுப்புயரத்துக்கு ஒரு மரக்கிராதி. ஞானஸ்நானம் வாங்கியவர்கள் அதன் நடுவிலிருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு முன்னே போவார்கள். மற்றவர்கள் கிராதிக்கு இந்தப் பக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, கிராதியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். யாரும் சண்டை போட்டதில்லை. எப்போது வைத்தது, யார் வைத்தது, யாருக்கும் தெரியாது.

அந்த வரிசையில் என் அக்காவும் ஒருத்தி. அவள் புருஷன் சரக்குக் கப்பலில் கலாசி. கப்பல் போய்ப் பத்து மாதம். முதல் மூன்று மாதம் கடிதம் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கேட்டால், "வரும், வரும்" என்பதோடு சரி. அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஒற்றியூர் கோயிலுக்கு நடந்தாள். கடலில் போனவர்களை மாதா பார்த்துக்கொள்வாள் என்று யாரோ சொல்ல, செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வந்து நின்றாள்.

கோயில் வேலை எனக்குக் கிடைத்த அன்று அவளிடம் போய் மார்தட்டினேன்.

"யக்கா, மாதா கோயிலு இனிமே உன் தம்பி கட்ற கோயிலு."

அவள் வாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"கட்டு. அந்தத் தூண எங்க வெக்கப் போற?"

"எந்தத் தூணு?"

"கிராதிகிட்ட நின்னா நேரா ஒரு தூணு மறைக்குதுடா. மாதா மூஞ்சியே தெர்யாது. வெளக்கு வெளிச்சம் மட்டும் சைடுல தெரியும். அஞ்சாறு மாசமா தூணுகிட்ட வேண்டிகினு கீறேன். ஒரே ஒரு வாட்டி அந்தம்மா மூஞ்சியப் பாத்து கேக்கணும், எம் புருசன் எங்கன்னு."

"நீ முன்னாடி போயி நின்னே கேப்ப. நான் சொல்றேன்."

"நீ நெறைய சொல்லுவ."

அவள் அப்படிச் சொன்னது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வாய்விட்டதைச் செய்து காட்டாமல் நான் எந்த வேலையையும் முடித்ததில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கோயில் கமிட்டியிடமிருந்து வரைபடம் கைக்கு வந்தது. அதில் பழைய மரக்கிராதி இருந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டில் எட்டுப் புள்ளிகள். எழுத்து எனக்குச் சரியாக வராது, வரைபடம் நன்றாக வரும். புள்ளி என்றால் கால். எட்டுக் கால் வைத்த கிராதி, இந்தமுறை இரும்பில், நெஞ்சுயரத்துக்கு.

அன்று முதல் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சுவர் எழும்ப எழும்ப அந்த எட்டுப் புள்ளிகளைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தேன். சித்தாள் பெண்கள், "மேஸ்திரிக்கு இன்னாவோ ஆய்டுச்சி, பம்பரமா சுத்தறாரு" என்று சிரித்தார்கள்.

கட்டட வேலை நடந்த நாளெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோயிலின் உபதேசியார் வருவார். ஒல்லியான மனிதர், கண்ணாடி ஒரு பக்கம் நூலால் கட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. எங்கள் ஆட்கள் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து சோறு தின்னும்போது அவர் வேதப் புத்தகத்தை விரித்து ஏதாவது படிப்பார். எல்லாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, அவர் கோயில் கட்டிய கதைக்கு வரும்வரை.

எருசலேமில் இஸ்ரயேல் ராஜா ஒருவர் தன் சாமிக்குக் கோயில் கட்டிய கதை. எனக்குச் சாமியைவிடக் கட்டடத்தில் ஆசை. எத்தனை முழம் நீளம், எத்தனை முழம் உயரம், கல்லை மலையிலேயே செதுக்கிக் கொண்டுவந்ததால் கோயில் எழும்புகிற இடத்தில் உளிச் சத்தமே கேட்கவில்லை என்று உபதேசியார் படித்ததும் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

"நெசமாவா? சத்தமே இல்லாம கல்லு வேலையா?"

"எழுதியிருக்குதே மேஸ்திரி."

"மேஸ்திரி யாரு?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். வெண்கல வேலைக்கு வெளிதேசத்திலிருந்து ஒருவனை ராஜா வரவழைத்தானாம். அவன் அம்மா மட்டும் ராஜாவின் ஜாதி ஜனம், அப்பா தீரு பட்டணத்துக்காரன். மரம் வந்தது அயல்நாட்டு ராஜாவிடமிருந்து. கல் சுமந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் அந்த நாட்டில் குடியிருந்த அந்நியர்கள்.

"அப்போ கட்டினதெல்லாம் எங்கள மாரி ஆளுங்க. கட்டி முடிச்சதும் வெளிய தொரத்திட்டானா?" என்றேன்.

உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "நாளைக்கு அதைப் படிக்கறேன்" என்றார்.

மறுநாள் படித்தார். கோயில் திறப்பன்று ராஜா ஜனங்கள் முன்னால் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கி வேண்டுகிறான். மழை பெய்யாவிட்டால் கேள், வெட்டுக்கிளி வந்தால் கேள், சண்டையில் தோற்றால் கேள் என்று வரிசையாகத் தன் ஜனத்துக்காகக் கேட்கிறான். எல்லா ராஜாவும் கேட்பதுதான். அதற்குப் பிறகு ஒன்று கேட்டானே, அதில்தான் என் கையிலிருந்த சோறு காய்ந்தது. என் ஜனமே இல்லாத ஒருத்தன், உன் பெயரைக் கேள்விப்பட்டு, ரொம்ப தூரத்திலிருந்து வந்து இந்த வீட்டைப் பார்த்து வேண்டினால், அவன் என்ன கேட்டாலும் அதைச் செய்து கொடு. அவ்வளவுதான். அவன் மதம் மாறினால் என்று சொல்லவில்லை. நல்லவனாக இருந்தால் என்றும் சொல்லவில்லை. என்ன கேட்டாலும்.

"இன்னொரு வாட்டி படிங்க" என்றேன். படித்தார். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிப்பு வராதே தவிரக் காதில் விழுந்தது மறக்காது. சிமெண்டு எத்தனை, மணல் எத்தனை என்று மனசில் வைப்பது மாதிரி அந்த வேண்டுதலை வைத்துக்கொண்டேன்.

அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. பாதி எழுந்த கோயிலுக்குள்ளேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். சாமியார், உபதேசியார், இன்னும் நாலைந்து பேர். கமிட்டித் தலைவர் துறைமுகத்தில் டைம்கீப்பர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் ஒரு நிமிஷம் தாமதமாக வந்ததாக யாரும் சொன்னதில்லை.

"டைம்கீப்பரே, அந்தக் கிராதி வேணாம்" என்றேன்.

"மேஸ்திரி, நீ செவுரு கட்டு. கிராதி வேணுமா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம்."

"எருசலேம்ல அந்த ராஜா இன்னா வேண்டிகினாரு?" என்று ஆரம்பித்து, ஜல்லிக் குவியலில் கேட்டது அத்தனையும் ஒப்பித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கூழ் ஊற்றுகிறவன் வேதம் சொல்கிறான்!

டைம்கீப்பர் அசையவில்லை. அவர் படித்தவர்.

"அதே புஸ்தகத்துல இன்னொண்ணும் கீது. மோவாபு தேசத்துக்காரன் பத்துத் தலமொற ஆனாலும் கர்த்தரோட சபைக்குள்ள வரக்கூடாதுன்னு கீது. பாஸ்கா விருந்துல அந்நியன் கைநனைக்கக் கூடாதுன்னு கீது. உபதேசியாரு அத உங்கிட்ட படிச்சிக் காட்லியா?"

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் மெதுவாக எழுந்தார்.

"இருக்குது, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதே மோவாபு தேசத்திலேர்ந்து வந்த ஒரு விதவை, மாமியார் கூடவே வந்து அடுத்தவன் வயல்ல கதிர் பொறுக்கினா. கோயில் கட்டின ராஜாவோட அப்பாவுக்கு அவதான் கொள்ளுப்பாட்டி. பத்துத் தலைமுறை என்ன, நாலாவது தலைமுறையிலயே சிம்மாசனம்."

பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். டைம்கீப்பர் முகம் சிவந்தது. அவர் எழுந்து நின்றபோது சட்டம் பேசுகிற குரல் போய் வேறு குரல் வந்தது.

"சிரிங்கய்யா. எங்க தாத்தா ஊருல தேரு இஸ்தாரு. வடம் புடிக்க வுட்டாங்க, கோயிலுக்குள்ள வுடல. வாசல்லயே நின்னு வாசல்லயே செத்தாரு. எங்கப்பா இங்க ஹார்பருக்கு மூட்ட தூக்க வந்து இந்த மாதாகிட்ட வந்தாரு. இந்தக் கதவத் தாண்டி உள்ள போறப்ப அவரு அழுதாரு, நான் பாத்தேன். ஒலகத்துலயே இந்த ஒரு எடந்தான் எங்களுதுன்னு கீது. இதுலயும் அல்லாரும் பூந்துகினா எங்களுக்கு இன்னா மிச்சம், சொல்லு மேஸ்திரி?"

  கூரையில்லாத சுவருக்கு மேலே காக்கை கத்திக்கொண்டிருந்தது. உபதேசியார்தான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த ஜனமும் அந்நிய தேசத்துல செங்கல் அறுத்த ஜனந்தான் டைம்கீப்பர். அதனாலதான் அவங்க சட்டத்துல திரும்பத் திரும்ப வருது, அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்துல அந்நியனா இருந்தவன், அவன் மனசு உனக்குத் தெரியும்னு. வாசல்ல நின்னவங்க வலி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எனக்குக்கூடத் தெரியாது."

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். சாமியார் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு, "கமிட்டி என்ன சொல்லுதோ அதுதான்" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். கிராதி வேண்டும் என்று முடிவானது.

அக்காவிடம் சொல்லப் போனேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எம் புருசன் எந்த ஊர்ல எந்தக் கோயிலு வாசல்ல நிக்கறானோ. அவனயும் உள்ள வர்லாமான்னு நாலு பேரு குந்திகினு கை தூக்கறாங்களோ இன்னாவோ."

அவ்வளவுதான் சொன்னாள். நான் அங்கிருந்து எண்ணூர் சாலை முனைவரை நடந்தேன், திரும்பி நடந்தேன். செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நடக்கும்போதே வேலை மனசில் உருவாகிவிட்டது.

தரை மொசைக். மொசைக் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிராதி மாதிரி எதையாவது தரையில் நிறுத்துவதென்றால் மொசைக் போடும் முன்பே, கீழே ஜல்லிக் கான்கிரீட்டிலேயே ஒவ்வொரு காலுக்கும் குழி விட வேண்டும். பிறகு காலைக் குழியில் இறக்கிச் சிமெண்டு ஊற்றி, அதைச் சுற்றி மொசைக்கை முடிக்க வேண்டும். குழி விடாமல் போட்டுவிட்டால், பிறகு உளியை வைத்தால் அந்த இடம் மட்டும் போகாது, விரிசல் ஓடும், தரையே கெட்டுப்போகும். இன்னொன்று, போட்ட மொசைக்மேல் ஈரச் சாக்கு விரித்து நாள் கணக்கில் தண்ணீர் காட்ட வேண்டும். சாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று போட்டவனுக்கு மட்டுமே தெரியும்.

ஆயர், அதாவது பிஷப், வந்து கோயிலை மந்திரித்துத் திறக்கும் நாள் குறித்தாகிவிட்டது. நான் பூச்சு வேலையை இழுத்தேன். ஜன்னல் வேலையை இழுத்தேன். தரையைக் கடைசிக்குத் தள்ளினேன். தரை போடும் அன்று என் ஆட்களில் இரண்டே பேரை வைத்துக்கொண்டு, தரை சமமா என்று பார்க்க நானே ரசமட்டம் பிடித்தேன். வரைபடத்தில் புள்ளிகள் இருந்த இடம் வந்தது. கையில் பூசுகிற கரணை. வாசல் பக்கம் பார்த்தேன், பீடத்துப் பக்கம் பார்த்தேன். கொத்தன், "குழி அடையாளம் குடு மேஸ்திரி" என்றான்.

"அது அப்பால. இப்ப நேரா போடு."

போட்டான். வாசற்படியிலிருந்து பீடத்தின் முதல் படிவரை ஒரே தரை. வெள்ளைச் சில்லும் பச்சைச் சில்லும் கலந்து, கண்ணுக்கு ஒரு தடை இல்லாமல். சாக்கைப் போட்டு மூடினேன். நான்கு மூலையிலும் கல் வைத்தேன். 

திறப்புக்கு இரண்டு நாள் முன்னால் பாலிஷ் முடிந்து தரையைக் கழுவிவிட்டார்கள். அன்றைக்கே திருவொற்றியூர் பட்டறையிலிருந்து இரும்புக் கிராதியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆறு பேர் அதைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து எங்கே இறக்குவது என்று பார்த்தார்கள். எட்டுக் காலும் அந்தரத்தில் தொங்கின.

"குழி எங்க மேஸ்திரி?" என்றார் டைம்கீப்பர்.

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். வேண்டுமென்றே விடவில்லை என்று நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அது கமிட்டிக்கும் எனக்கும் சண்டையாகியிருக்கும். ரோஷத்துக்காகவே தரையை உடைத்துக் கிராதியை நட்டிருப்பார்கள். சாமியாரும் கமிட்டி பக்கம்தான் நின்றாக வேண்டியிருக்கும். செவ்வாய்க்கிழமை வருகிற பெண்களைக் குற்றம் சொல்லியிருப்பார்கள். ஆனால் மறதியில் நேர்ந்த தப்புக்கு யாரும் சண்டை போட முடியாது. அதனால், ஆயுசில் ஒரு சுவரைக் கோணலாகக் கட்டாத நான், அத்தனை பேர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னேன்.

"மறந்துட்டேன்."

 கிராதியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். "ஹார்பர்ல குடோன் கட்டினவராம்! எட்டு குழி வுட மறந்துட்டாராம்!" தூக்க முடியாமல் கிராதியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். டைம்கீப்பர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"நெசமா மறந்துட்டியா?"

"வயசாவுது டைம்கீப்பரே." எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு.

உடைத்துப் போடலாமா என்று கேட்டார்கள். உடைத்தால் புதுத் தரை போட்டுக் காய ரெண்டு வாரம் ஆகும் என்றேன். சாமியார், "திறப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து பீடம்வரை பார்த்தார்.

திறப்பன்று கூட்டம் தெருவரை நின்றது. ஆயர் தண்ணீர் தெளித்தார், சுவரெல்லாம் எண்ணெய் பூசினார். எங்கள் குப்பத்துப் பெண்களும் வந்தார்கள், தலைக்குக் குளித்து, கூடை இல்லாமல். அக்கா முன்னால். உள்ளே நுழைந்து பத்தடி நடந்தார்கள், நின்றுவிட்டார்கள். கிராதி இல்லை. இருந்தும், அது இருந்த அதே இடத்தில், கோடு போட்ட மாதிரி வரிசையாக நின்றார்கள். அக்காவின் கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது.

 எல்லாவற்றையும் கணக்குப் போட்டவன் இதைப் போடவில்லை. ஆட்களை இடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"இன்னாக்கா, நின்னுட்ட?"

"எதுவரிக்கும் வர்றதுன்னு தெர்லடா."

அந்த நேரம் உபதேசியார் முன்னால் நின்று வாசிக்கத் தொடங்கினார். தமிழில், எல்லாருக்கும் புரிகிற தமிழில். மூன்றாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ராஜாவின் வேண்டுதல். மழை, வெட்டுக்கிளி, சண்டை எல்லாம் தாண்டி, என் ஜனமே இல்லாத ஒருத்தன் தூரத்திலிருந்து வந்தால் என்ற இடத்துக்கு வந்தது. உபதேசியார் அங்கே நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். எனக்காக நிறுத்தினார் என்று இன்றைக்கும் சொல்வேன். கடைசிவரை என் காதில் விழுந்தது. அக்கா காதிலும்.

முன்வரிசையில் டைம்கீப்பரின் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அக்காவிடம் நெத்திலி வாங்குகிறவள்.

"இன்னாத்துக்கு அங்கியே மரமாட்டம் நின்னுகினு? வா, இங்க குந்து. நவுருங்கடி!"

அக்கா கால் எடுத்து வைத்தாள். வெறுங்கால். குழி விடாத அந்தத் தரைமேல், ஒவ்வொரு அடியாக. போய் மாதாவுக்கு நேர் எதிரே நின்றாள், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். நான் டைம்கீப்பரைப் பார்த்தேன்.  அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆயர் மந்திரித்த தரையில் உளி வைக்க அதன்பிறகு எவனுக்கும் கை வரவில்லை. அடுத்த மாதம் என்றார்கள், பண்டிகைக்குப் பிறகு என்றார்கள், பிறகு பேச்சே நின்றது. இரும்புக் கிராதியைக் கோயிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். பூசணிக்கொடி படர்ந்தது.

நாலு மாதம் கழித்து அக்கா புருஷன் வந்தான், பாதி உடம்பாக. எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பல் முதலாளிமேல் வழக்காகிக் கப்பலைப் பிடித்து வைத்துவிட்டார்களாம். ஆட்களைக் கரையில் இறங்கவும் விடவில்லை. "கம்பியப் புடிச்சிகினு ஊரையே பாத்துகினு நின்னோம் மச்சான். வெளக்கு எரியறது தெரியும். எறங்க முடியாது" என்றான். அக்கா அவனுக்குச் சோறு போட்டாள். மாதா கொடுத்தாளா, வழக்கு முடிந்ததா, நான் சொல்ல மாட்டேன். அக்கா அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், அது எனக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்தது பட்டப்பெயர். குழி மறந்த மேஸ்திரி. கோயிலுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டடம் வந்தபோது வேறொருவனுக்குக் கொடுத்தார்கள். "அவரு கதவு வெக்க மறந்துடுவாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். பத்து வருஷம் ஆனது அந்தப் பெயரை என் வேலையால் அழிக்க. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கிராதி வந்துவிடுமோ என்ற பயம் ஓயவே இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உள்ளே எட்டி, தரை முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடப்பேன்.

உபதேசியார் காலமாகிவிட்டார். டைம்கீப்பர் போவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டனுப்பி, "மறக்கலதான?" என்று கேட்டார். "மறக்கல" என்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். தெரிந்தும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். அக்கா போன வருஷம் போனாள். இனிமேல் நான் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கோயில் ஆண்டுவிழா மலர் போட்டிருக்கிறது. என் பேத்தி படித்துக் காட்டினாள். எல்லா மதத்தினரும் உள்ளே வந்து வேண்டுகிற கோயில் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அடியில் ஒரு வரி. கட்டிய மேஸ்திரியின் கவனக்குறைவால் தடுப்புக் கிராதி அமைக்கப்படாமல் போனதாம், ஆண்டவர் அந்தப் பிழையையும் அருளாக மாற்றினாராம்.

ஆண்டவர் மாற்றினார் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மலர் போட்டவர்களே, கவனக்குறைவு என்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கையால் ரசமட்டம் பிடித்து, தெரிந்து, திட்டம் போட்டுச் செய்தது அது. எருசலேம் கோயிலுக்கு வெண்கலம் வார்த்த அந்த அந்நியனைப் பற்றி, அவன் அம்மா எந்த ஜாதி, அப்பா எந்த ஊர், என்னென்ன வேலை செய்தான் என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை காலமாக அது அழியவில்லை. நீங்கள் எனக்கு ஒரு வரி கொடுத்தீர்கள், அதிலும் மறதிக்காரன் என்று. அடுத்த மலரில் அந்த வரியை அடித்துவிட்டு, மேஸ்திரி வேண்டுமென்றேதான் குழி விடவில்லை என்று போடுங்கள். பக்கத்தில் என் பெயரையும் போடுங்கள். எப்படி எழுதுவது என்று சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். மூன்றாம் வகுப்புதான் என்றாலும் என் பெயரைத் தப்பில்லாமல் எழுத எனக்குத் தெரியும்.